ஆல்மனர் கேட்ட கேள்வி

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1895-இல் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணி வேலைக்குச் சேர்ந்தார். பதவிக்கு ஆல்மனர் என்று பெயர். இலவச வைத்தியத்துக்கு வந்து நிற்பவர்களில் யார் மெய்யாகவே இல்லாதவர், யார் காசை மடியில் முடிந்துகொண்டு கையை விரிக்கிறவர் என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை பேர், வாரக்கூலி என்ன, வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதுவார். தர்மம் தகுதியில்லாத கைக்குப் போய்விடக் கூடாதே என்று கவலைப்பட்ட கனவான்கள் உண்டாக்கிய வேலை அது.

என் தொழிலுக்குப் பூட்டி அவர். நான் மருத்துவ சமூகப் பணியாளர். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில், இனிமேல் குணப்படுத்த வழியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்க்கும் சின்னக் குழுவில் இருக்கிறேன். ஒரு நர்ஸ், ஒரு ஓட்டுநர், நான். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். பாலியேட்டிவ் கேர் என்று நாங்கள் சொல்வதை அரசாங்கத் தாள்களில் நோய் ஆதரவு சிகிச்சை என்று எழுதுகிறார்கள். ஊரில் எல்லோருக்கும் நானும் ‘சிஸ்டர்’தான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் கோப்பில் முதல் பக்கங்கள் சுலபமானவை. வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். மலச்சிக்கல், தூக்கம், புண்ணின் நீள அகலம், நாற்றம் இருக்கிறதா, புழு வைத்திருக்கிறதா. அப்புறம் குடும்ப வரைபடம், கடன் கணக்கு. கடைசிப் பக்கத்தில் ‘ஆன்மிகம்’ என்று ஒரு தலைப்பும் அதன் கீழே மூன்று வெற்றுக் கோடும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அங்கே ‘இந்து’ என்றோ ‘ஆர்.சி.’ என்றோ எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து கூடவே வந்த பழக்கம். கொஞ்சம் அக்கறையுள்ள பிள்ளையாக இருந்தால் ‘பக்தி உண்டு’ என்று எழுதும். அந்த மூன்று கோடு யாருடைய யோசனை, எந்த வழியாக எங்கள் கோப்புக்கு வந்து சேர்ந்தது என்று தேடிப் படித்ததில் தெரியவந்த கதை இது.

சிசிலி சாண்டர்ஸ் என்றால் டாக்டர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் டாக்டராகத் தேறியது 1957-இல்தான். அதற்கு முன் நர்ஸாக இருந்தார். முதுகு வலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் ஆல்மனர் ஆனார். 1947-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். வார்சாவிலிருந்து வந்த யூதர், 40 வயது, ஓட்டலில் பரிமாறும் வேலை, லண்டனில் சொந்தம் என்று யாருமில்லை. அறுக்க முடியாத புற்று. ஆல்மனர் முறைப்படி கேட்க வேண்டியது, இவர் எங்கே போய்த் தங்குவார், யார் பார்த்துக்கொள்வார் என்பதைத்தான். சாண்டர்ஸ் அதைக் கேட்டார். பிறகு ஆர்ச்வே மருத்துவமனையில் அவர் சாகக் கிடந்தபோதும் விடாமல் போய்ப் பார்த்தார். டாஸ்மாவுக்கு, நாற்பது வயது வாழ்ந்து உலகத்தில் ஒரு தடயமும் இல்லாமல் போகிறோமே என்ற தவிப்பு. ஆறுதலாக ஏதாவது சொல்லச் சொன்னார். சாண்டர்ஸ் மனப்பாடமாகத் தெரிந்த பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொன்னார். புத்தகத்தை எடுத்துப் படிக்கட்டுமா என்று கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றார். சாண்டர்ஸின் சொந்த மனசில் இருப்பது எதுவோ அது போதும் என்றார்.

1948 பிப்ரவரி 25-ஆம் தேதி டாஸ்மா இறந்தார். தன்னிடமிருந்த 500 பவுண்டை, சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருப்பதற்கென்று எழுதி வைத்திருந்தார். செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் தென்கிழக்கு லண்டன் சிடன்ஹாமில் திறக்கப்பட்டது 1967-இல். ஜன்னலுக்குப் பணம் வந்து, அதைச் சுற்றிச் சுவர் எழும்ப 19 ஆண்டு.

இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனால் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அதே 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். அன்றோடு ஆல்மனர்களுக்கு மடியைத் துழாவும் வேலை போயிற்று. அரை நூற்றாண்டாக ஏழைகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழகிய ஒரு கூட்டத்துக்கு, திடீரென்று கேட்பதற்கு வேறு கேள்வி தேவைப்பட்டது. பணத்தை மதிப்பிட வந்தவர்கள் மனக்குறையை மதிப்பிடத் திரும்பியதில் கருணைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, இந்த நிர்வாக மாற்றத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று எனக்குப் படுகிறது.

டாக்டராவதற்கு முன்பே சாண்டர்ஸ், பேஸ்வாட்டரில் இருந்த செயின்ட் லூக் இல்லத்தில் மாலை நேரத் தொண்டராக இருந்தார். அங்கே வலி வந்த பிறகு மார்ஃபின் கொடுப்பதில்லை. வலி தலைதூக்குமுன் நான்கு மணி நேரத்துக்கொரு முறை கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கும் எங்கள் நர்ஸ் வீட்டுக்காரர்களிடம் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். 1958 முதல் ஹாக்னியில் ஐரிஷ் கன்னியர் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் வேலை பார்த்தார். படுக்கையருகில் டேப் ரெக்கார்டரை வைத்து நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகளைத் தொகுத்தார். வலி எங்கே என்று ஒரு பெண்ணைக் கேட்டபோது, முதுகில் தொடங்கிய பதில் கணவன், மகன், பணமுடை என்று நீண்டு, தானே முழுக்கக் கெட்டுப்போனது போலிருக்கிறது என்பதில் போய் நின்றது. 1964-இல் சாண்டர்ஸ் எழுதத் தொடங்கிய ‘முழு வலி’ என்ற கருத்து இப்படித்தான் வந்தது. உடம்பு, மனசு, உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்து ஒரே வலி. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைத் தணிக்க முடியாது.

அவர் தீவிரமான கிறிஸ்தவர். செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை மதச் சபையாகவே நடத்தலாமா என்று நண்பர்களோடு நெடுங்காலம் விவாதித்தார். கடைசியில் எம்மதத்தாருக்கும் எம்மதமும் இல்லாதவருக்கும் திறந்த கதவாக வைத்தார். ஆன்மாவை அளக்க அவர் படிவம் எதுவும் போட்டுத் தரவில்லை. உட்கார், கேள் என்பதோடு சரி. படிவம் போட்டது அமெரிக்கா.

அதற்கும் ஒரு முன்கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கதை. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கபோட் என்ற டாக்டர் 1905-இல் சமூகப் பணியாளரை வேலைக்கு வைத்தார். அமெரிக்காவில் என் தொழில் அங்கேதான் தொடங்குகிறது. இதே கபோட் 1925-இல், இறையியல் மாணவர்களும் மருத்துவ மாணவர்களைப் போல ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயில வேண்டும் என்று எழுதினார். அதைச் செய்து காட்டியவர் ஆன்டன் பாய்சன். இவர் போதகர். மனம் பிறழ்ந்து மனநல மருத்துவமனையில் அடைபட்டு மீண்டவர். 1925-இல் வுஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களைக் கூட்டிவந்து வார்டு வேலை பார்க்க வைத்தார். பகலில் நோயாளிகளைக் குளிப்பாட்ட வேண்டும், இரவில் அவர்களுடைய நம்பிக்கைகளையும் பயங்களையும் எழுத வேண்டும். நோயாளியையே ஒரு நூலாக வாசிக்க வேண்டும் என்பது பாய்சனின் கொள்கை. அடுத்து ரஸ்ஸல் டிக்ஸ் என்ற போதகர், நோயாளியோடு பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். 1936-இல் கபோட்டும் அவரும் சேர்ந்து ஒரு நூலே எழுதினார்கள். கோப்பில் ஆன்மாவுக்கு இடம் கிடைத்தது அநேகமாக அப்போதுதான். அந்த முறையில் கேட்கிறவர் போதகர், எழுதுகிறவரும் போதகர். டாக்டர் அதைப் படித்தாரா என்றால் பெரும்பாலும் இல்லை.

1970-களில் இந்த வேலை கைமாறத் தொடங்கியது. 1976-இல் பால் ப்ரைசர் என்ற உளவியலாளர், போதகர்கள் தங்கள் சொந்த மொழியை விட்டுவிட்டு மனநல டாக்டர்களின் மொழியைக் கடன் வாங்குகிறார்கள் என்று கோபப்பட்டு ஒரு நூல் எழுதினார். அவர் கோபம் நியாயம்தான், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1978-இல் அமெரிக்க நர்ஸுகள் தங்களுடைய நோயறிதல் பட்டியலில் ‘ஆன்மிகத் தவிப்பு’ என்பதைச் சேர்த்தார்கள். காய்ச்சல், படுக்கைப்புண் என்பதைப் போல அதுவும் கண்டறிந்து எழுத வேண்டிய ஒன்றாயிற்று. மறுவருடம் ரூத் ஸ்டால் என்ற நர்ஸ், எதைக் கேட்பது என்று நான்கு தலைப்பு கொடுத்தார்: கடவுளைப் பற்றிய எண்ணம், தெம்பு எங்கிருந்து கிடைக்கிறது, வழிபாட்டுப் பழக்கம், நோய்க்கும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு.

1982-இல் உளவியலாளர்கள் பலுட்சியனும் எலிசனும் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் முழுக்க ஒப்புகிறேன் என்பதிலிருந்து அறவே ஒப்பவில்லை என்பது வரை ஆறு படி. பாதி வாக்கியங்கள் கடவுளோடு உள்ள உறவைப் பற்றியவை, பாதி வாழ்க்கையின் நிறைவைப் பற்றியவை. கூட்டினால் ஆன்மிக நலத்துக்கு ஒரு எண் கிடைக்கும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துக் கருப்புச் சட்டைக்காரர் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஈரல் புற்று. கட்டிலுக்கு மேல் பெரியார் படம். ‘சாமி’ என்ற சொல்லையே வாயில் எடுக்காதவர். அவரிடம் இந்த 20 வாக்கியத்தைக் கொடுத்திருந்தால் பாதித்தாளில் அவர் ஃபெயில். ஆனால் அவருக்கு இருந்த ஒரே கவலை, கண்ணை மூடியதும் சம்பந்தி வீட்டார் ஐயரைக் கூப்பிட்டு, செய்யக் கூடாததையெல்லாம் செய்துவிடுவார்களோ என்பது.

“கண்ணைக் குடுத்துருங்க, மால போட்டுப் பொதச்சுருங்க. மந்திரம் ஒண்ணும் வேணாம். எம் மகன் வாயால அத எனக்குச் சொல்லணும்மா” என்றார்.

மகன் சாமி கும்பிடுகிறவர். ஒரு சாயங்காலம் முழுக்க வாசலில் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்து, “சரிப்பா” என்றார். அது எந்தப் பாதியில் சேரும்? அளவுகோல் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. தேவாலயத்தோடு வளர்ந்த ஜனங்களுக்கு, தேவாலயத்தோடு வளர்ந்தவர்கள் செய்தது.

1990-இல் உலக சுகாதார நிறுவனம் பாலியேட்டிவ் கேருக்கு இலக்கணம் வகுத்தபோது வலியோடும் மனம், சமூகம் சார்ந்த துன்பங்களோடும் ஆன்மிகத் துன்பத்தையும் சேர்த்தது. அதன்பின் டாக்டர்கள் உள்ளே வந்தார்கள். டாக்டர்களுக்கு நேரமில்லை, ஆகவே எழுத்துச் சுருக்கங்கள் வந்தன. 1996-இல் கிறிஸ்டினா புகால்ஸ்கி உருவாக்கிய ‘ஃபிகா’வில் நான்கே எழுத்து: நம்பிக்கை உண்டா, அது எவ்வளவு முக்கியம், உங்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டா, சிகிச்சையில் நான் அதை எப்படிக் கவனிக்கட்டும். 2001-இல் வெளியான ‘ஹோப்’ கேள்விகளை எழுதியவர்கள் கௌரி ஆனந்தராஜா, எலன் ஹைட் என்ற இரண்டு டாக்டர்கள். முதல் பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், மறைப்பானேன். இந்த இருவர் செய்த புத்திசாலித்தனம், கடவுளை முதல் கேள்வியிலிருந்து எடுத்ததுதான். உங்களுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று தொடங்குவார்கள். கோயிலும் சபையும் இரண்டாவது, தனிப்பட்ட பழக்கம் மூன்றாவது. இவையெல்லாம் உங்கள் வைத்தியத்தையும் கடைசிக் காலத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்பது நான்காவது. அந்தக் கருப்புச் சட்டைக்காரரிடம் இந்த வழியில் போயிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பார்.

2002-இல் வந்த ‘ஃபேசிட்-எஸ்பி’ என்பது இன்று ஆராய்ச்சிகளில் அதிகம் புழங்கும் அளவுகோல்களில் ஒன்று. 12 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு, மொத்தம் 48. எட்டுக் கேள்வி அர்த்தமும் அமைதியும் பற்றியது, நான்கு நம்பிக்கை பற்றியது. இதில் நான் கற்றுக்கொண்டது, மொத்தத்தைப் பார்க்காதே, பிரித்துப் பார் என்பதை. வாய்ப்புற்று வந்த ஒரு ஆத்தா. ஆயுசு பூராவும் வெற்றிலையும் புகையிலையும். மார்ஃபின் அளவைக் கூட்டியும் வலி எட்டில் நின்றது. நெற்றி நிறையத் திருநீறு. நம்பிக்கைக் கேள்வி நான்குக்கும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

“மனசுக்குள்ள எதாச்சும் கெடந்து உறுத்துதா ஆத்தா?” என்று கேட்டேன்.

“பாண்டி கோயிலுக்குக் கெடா நேந்துருந்தேன் தாயி, பேரன் பொழைக்கணும்னு. பொழச்சு, இப்ப காலேஜுக்கும் போயிட்டான். கெடாயக் குடுக்கல. அதேன் சாமி என் வாயில வந்து உக்காந்துருச்சு.”

தெய்வம் இல்லாததால் வந்த தவிப்பல்ல இது, இருப்பதால் வந்தது. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரின் குழு இதை வேறு வழியில் காட்டியிருக்கிறது. 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து 2001-இல் எழுதினார்கள். கடவுள் கைவிட்டுவிட்டார், நோய் சாத்தானின் வேலை என்பது போன்ற போராட்டம் மனசில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்துபோனார்கள். ஆகவே ‘பக்தி உண்டு’ என்று எழுதிக் கோப்பை மூடுகிற பிள்ளைகளுக்கு இந்த ஆத்தாவின் கதையை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். மகன் அடுத்த ஞாயிறு கிடாய் வெட்டினார். கறிச்சாற்றில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார்கள். மாத்திரை அளவு குறையவில்லை. தூக்கம் வந்தது.

புள்ளிவிவரத்தில் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளிகள் 230 பேரைக் கேட்டு 2007-இல் வெளியான ஆய்வில், 72 சதவீதம் பேர் தங்கள் ஆன்மிகத் தேவையை மருத்துவமனை கொஞ்சமாகக் கவனித்தது அல்லது கவனிக்கவேயில்லை என்றார்கள். இத்தனை படிவங்கள் வந்த பிறகு! 2009-இல் அதே குழுவினர், மதத்தை இறுகப் பற்றியவர்களுக்குத்தான் கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் போன்ற கடும் சிகிச்சைகள் அதிகம் நடந்தன என்று கண்டார்கள். இறுதிவரை அற்புதத்துக்குக் காத்திருப்பவரிடம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். விசுவாசம் பத்தாததால்தான் குணமாகவில்லை என்று நம்பிக் குமுறிய ஒரு தம்பியை நானும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு நீளத்துக்கும் மாற்றாக, 2006-இல் கேரன் ஸ்டைன்ஹவுசர் என்ற ஆய்வாளர் ஒரே கேள்வியைச் சோதித்துப் பார்த்தார். மனசு அமைதியாக இருக்கிறதா என்பது மட்டும். 248 கடும் நோயாளிகள். அந்த ஒற்றைக் கேள்விக்கான பதில், நீண்ட அளவுகோல்களின் பதிலோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. எங்கள் ஊர்ப் பெரிய மனுஷி யாராவது இந்த ஆய்வைப் படித்திருந்தால், இதுக்கா இம்புட்டுப் பாடு என்று கேட்டிருப்பார்.

இந்தியாவில் இந்த வரலாறு வேறு வழியில் போயிற்று. முதல் மருத்துவ சமூகப் பணியாளர் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 1946-இல் நியமிக்கப்பட்டார். சென்னையில் சமூகப் பணிப் பள்ளி 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் வந்தது. சாகிறவர்களுக்கென்று முதல் இல்லம், பம்பாய் பாந்த்ராவில் டாக்டர் டிசூசா 1986-இல் தொடங்கிய சாந்தி அவேத்னா. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் வலி நிவாரணச் சங்கம் ஏற்படுத்தினார்கள். 2001-இல் மலப்புறத்தில் அது அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக மாறியது. இங்கே எந்த அரசு மருத்துவமனையிலும் சம்பளம் வாங்குகிற போதகர் கிடையாது. பாய்சனின் மாணவர்கள் எழுதியதை இங்கே எழுதப்போவது யார்? மலப்புறம் சொன்ன பதில்: பக்கத்து வீட்டுக்காரர். டீக்கடைக்காரரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், ஆட்டோ ஓட்டுநரும், கல்லூரி மாணவியும் சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு படுக்கையருகில் உட்கார்ந்தார்கள். லண்டனிலும் பாஸ்டனிலும் ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்குக் கைமாறிக்கொண்டே இருந்த கேள்வி, இங்கே தொழிலை விட்டே வெளியே வந்தது. இந்த நூறாண்டுக் கதையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்தத் திருப்பம்தான்.

ஆய்வும் நடந்திருக்கிறது. டெல்லியில் யோரிஸ் கீலன், சுஷ்மா பட்நாகர், சந்தோஷ் சதுர்வேதி மூவரும் 300 புற்றுநோயாளிகளிடம் கேட்டு 2017-இல் வெளியிட்டார்கள். மேல்நாட்டுப் படிவத்தை அப்படியே பெயர்க்காமல் இங்கத்திய ஜனங்கள் பேசுவதை ஒட்டிக் கேள்விகளை அமைத்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் பாரத்தைக் கடவுள் மேல் இறக்கிவைத்தவர்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், தெய்வத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். ஏறக்குறைய 17 சதவீதம் பேர் தவிப்பில் இருந்தார்கள். எங்கள் ஊர்களிலும் அந்தத் தவிப்பின் குரல் ஒன்றுதான்: எந்த ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ. சில வீட்டில் அது செய்வினை, சில வீட்டில் குலதெய்வக் குத்தம். அண்ணனிடம் பாகப்பிரிவினைச் சண்டைக்கு மாப்பு வாங்காமல் மௌத்தாகிவிடுவோமோ என்று பயந்த ஒரு பாய்க்கும், அவஸ்தை பூச சாமியாரைக் கூப்பிட்டால் ‘முடிஞ்சது’ என்று நினைத்துவிடுவாரே என்று வீட்டார் தள்ளிப்போட்டதால் கலங்கிய ஒரு கத்தோலிக்க வாத்தியாருக்கும் உள்ளே இருந்தது ஒரே அவசரம்.

மதிப்பிடும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் “என்ன ஆசை இருக்குன்னு கேளுங்கப்பா” என்று கிழவிகள் சொல்வார்கள். நிலத்தில் ஆசை என்றால் சொந்த வயல் மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். பணத்தில் ஆசை என்றால் காசைக் கழுவிய தண்ணீர். ஓடிப்போன மகள் என்றால், தகராறையெல்லாம் ஒத்திவைத்து ஆள் அனுப்புவார்கள். யார் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஊர் கூடிக் கண்டுபிடிக்கிற முறை. படித்தவர்கள் இதைப் பார்த்து உருகுவதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்பது பல வீட்டில் படுத்திருப்பவரை அல்ல, சுற்றி நிற்பவர்களைத்தான். கிழவனுக்கு என்ன ஆசை என்று மருமகன் சொல்வார். பால் ஊற்றும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. விருதுநகர் வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்ற பெயரில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி ஆளையே முடித்துவிடுகிற கொடுமையும் இதே திண்ணைகளில்தான் நடந்திருக்கிறது. கேள்வி நல்லது. யாரிடம் கேட்கிறோம், கேட்டுவிட்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு தடங்கல், ‘அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க’ என்பது. வாசலிலேயே மகள் கையைப் பிடித்துக்கொள்வாள். அப்பாவுக்குத் தெரியாது, வயித்துப்புண் என்று சொல்லியிருக்கிறோம் என்பாள். உள்ளே போனால் அவர் மகளை வெளியே அனுப்பிவிட்டு, “எம் புள்ளைகிட்ட சொல்லிராதம்மா, தாங்காது” என்பார். மேல்நாட்டில் எழுதிய எந்தப் படிவமும் இந்த வீட்டை நினைத்து எழுதப்படவில்லை. நம்பிக்கை உண்டா, முக்கியமா என்று நேராகக் கேட்டால், சாவைப் பற்றிக் கேட்கிறாள் என்று இருவருக்குமே தெரிந்துவிடும். ஆகவே நான் கோப்பைப் பையிலேயே வைத்துவிட்டு முதலில் ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கேட்பேன், இந்த வருஷம் போக முடியலையா என்று. பாதிப் பேருக்கு அதிலேயே வாய் திறந்துவிடும். மீதிப் பேரிடம் மூன்றாவது நான்காவது முறை போனால்தான் உண்டு. எழுதுவது வேனில் ஏறிய பிறகு.

அளவுகோல்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 300 பேரைக் கேட்டு எண்ணிச் சொன்னதால்தான், தவிப்பு என்பது இருக்கிறது என்று டாக்டர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆராய்ச்சிக்கு எண் வேண்டும். கட்டிலருகில் வேண்டியதில்லை. ஆத்தாவுக்கு 48-க்கு எத்தனை என்பது எனக்கோ அவருக்கோ பயன்படாது. எனக்குத் தெரிய வேண்டியது, கிடாய் பாக்கி.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டுப் படிவரை கொண்டுபோகிறது. எங்களைப் போன்ற சின்னக் குழுக்களால் எட்ட முடியாத ஊர்களுக்கெல்லாம் அந்த நர்ஸுகள் போகிறார்கள். அவர்கள் கையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. அவர்களுக்கான பயிற்சியில், மனசுக்குள் என்ன கிடந்து உறுத்துகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்கவும், பதில் வரும்வரை உட்காரவும் அரைநாள் ஒதுக்குங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். படிவத்தில் மூன்று கோடு போதும். மதத்துக்கு முதல் பக்கத்தில் ஏற்கெனவே கட்டம் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் அதை மறுபடி கேட்க வேண்டாம்.